‘எல்எல்_ஆர்டபிள்யூ_பிளாக்’ நீக்கம்: வெறும் துப்புரவா, நடத்தை மாற்றமா?

வட்டுச்சக்கரம்:

வணக்கம். நாங்கள் பராமரித்து வரும் சிறிய கோப்பு முறைமை ஒன்று, லினக்ஸ் கெர்னலின் முதன்மை மரத்துக்கு (அதிகாரப்பூர்வ மூலநிரல் தொகுப்புக்கு) வெளியே தனி மாட்யூலாக இருக்கிறது. 5.15 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்ததை இப்போது 6.1க்கு நகர்த்துகிறோம். எதிர்பார்த்தபடியே கம்பைல் ஆகவில்லை. பஃபர்களுக்கும் (வட்டு பிளாக்குகளின் நகலை நினைவகத்தில் வைக்கும் இடங்கள்) வட்டுக்கும் இடையே வாசிக்கவும் எழுதவும் பயன்பட்ட ‘எல்எல்_ஆர்டபிள்யூ_பிளாக்’ என்ற செயற்கூறு 6.1இல் இல்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், வாசிப்புக்காக அது அழைக்கப்பட்ட இடங்களையெல்லாம் ‘பிஹெச்_ரீட்’ வகைச் செயற்கூறுகளாக மாற்றி, கூடவே சில மாறிகளின் பெயர்களைச் சீராக்கி, உள்தள்ளலையும் ஒழுங்குபடுத்தி, எல்லாவற்றையும் ஒரே திருத்தமாக அனுப்பியிருக்கிறார். “பஃபர் வாசிப்பு: துப்புரவு; செயல்பாட்டில் மாற்றம் எதுவும் இல்லை” என்பது தலைப்பு.

மறுஆய்வு என் பொறுப்பு. கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்கள் கொண்ட சூப்பர்பிளாக்கை மவுண்ட் செய்யும்போது வாசிப்பது, எந்த பிளாக் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும் ஒதுக்கீட்டு பிட்மேப்பை வாசிப்பது, அடைவுகளுக்கு முன்வாசிப்பு (தேவைப்படும் முன்பே வாசித்து வைப்பது) செய்வது ஆகிய மூன்று வகை இடங்கள் மாறியிருக்கின்றன. ஒத்திசைவின்போது, அதாவது நினைவகத்தில் மாறியவற்றை வட்டுக்கு அனுப்பும்போது, பிட்மேப்பை எழுதும் இடம் ஒன்றும் உண்டு. அங்கே மட்டும் பழைய செயற்கூறின் உடலை அப்படியே நகலெடுத்து நம் கோப்புக்குள் வைத்துவிட்டார். படித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரிகிறது. இருந்தாலும் “மாற்றம் எதுவும் இல்லை” என்ற வாக்கியத்தில் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. முதன்மை மரத்தில் இதே வேலையைச் செய்த திருத்தங்களைப் படித்தவர்கள், எங்கே கண் வைக்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மூலநிரல்வாசி:

உங்கள் தயக்கம் நியாயமானது. முதன்மை மரத்தில் அந்தச் செயற்கூறை நீக்கியதற்குக் காரணமே நடத்தையை மாற்ற வேண்டும் என்பதுதான். ஆகவே அதைப் பின்பற்றும் திருத்தம் “மாற்றம் எதுவும் இல்லை” என்று சொன்னால், ஒன்று அந்த விளக்கம் தவறு, இல்லையென்றால் நிரல் தவறு.

பழைய செயற்கூறு என்ன செய்தது என்பதை ஒருமுறை நிதானமாகப் பார்ப்போம். பஃபர்களின் வரிசை ஒன்றை வாங்கி, ஒவ்வொன்றின் பூட்டையும் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே அதைக் கையாள வைப்பது) ‘டிரைலாக்_பஃபர்’ கொண்டு பிடிக்க முயலும். பூட்டு கிடைக்காவிட்டால் அந்தப் பஃபரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பூட்டு கிடைத்தால், வாசிப்புக் கோரிக்கையைப் பொறுத்தவரை, பஃபரின் உள்ளடக்கம் இன்னும் செல்லுபடியாகாத நிலையில் இருந்தால் மட்டுமே வட்டுக்குக் கோரிக்கை அனுப்பும். திருப்பி எதையும் சொல்லாது. அது மதிப்புத் திருப்பாத செயற்கூறு. விட்டுவிட்டதா, அனுப்பியதா, ஏற்கெனவே நினைவகத்தில் இருந்ததா என்பதை அழைத்தவர் அறிய வழியில்லை.

அழைத்தவர்கள் வழக்கமாகச் செய்தது இதுதான்: அதை அழைப்பது, பிறகு ‘வெயிட்_ஆன்_பஃபர்’ கொண்டு பூட்டு திறக்கும்வரை காத்திருப்பது, பிறகு ‘பஃபர்_அப்டுடேட்’ உண்மையா என்று பார்ப்பது, இல்லையென்றால் இஐஓ என்ற உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழையைத் திருப்புவது. பூட்டை வைத்திருந்த இன்னொருவரும் அதே பிளாக்கை வாசித்துக்கொண்டிருந்தால் இதில் சிக்கல் இல்லை. அவர் வாசித்து முடித்ததும் நமக்கும் தரவு கிடைத்துவிடும். ஆனால் பூட்டை வைத்திருப்பவர் வாசிப்பதற்காகத்தான் வைத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நினைவகப் பக்கங்களை இடம்பெயர்க்கும் நிரல், பக்கத்தோடு இணைந்த பஃபர்களையெல்லாம் சற்று நேரம் பூட்டி வைக்கும். அந்த இடைவெளியில் நம் வாசிப்பு வந்தால், ‘டிரைலாக்’ தோற்கும், கோரிக்கை போகாது, காத்திருப்போம், இடம்பெயர்ப்பு முடிந்து பூட்டு திறக்கும், உள்ளடக்கம் இன்னும் வாசிக்கப்படாமலே இருக்கும், நாம் இஐஓ என்று அறிவிப்போம். வட்டிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை. தபால்காரர் கதவு பூட்டியிருப்பதைக் கண்டு திரும்பிவிட்டு, அப்படி ஒரு முகவரியே இல்லை என்று எழுதி அனுப்புவது போன்றது இது.

இது சூப்பர்பிளாக் வாசிப்பில் நடந்தால் மவுண்ட் தோற்கும். பிட்மேப்பில் நடந்தால் பல கோப்பு முறைமைகள் வட்டு பழுது என்று முடிவுகட்டி, படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். வட்டை எடுத்துச் சோதித்துப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது.

புதிய ‘பிஹெச்_ரீட்’ முதலில் உள்ளடக்கம் செல்லுபடியாகிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் பூட்டு கிடைக்கும்வரை காத்திருக்கும். கிடைத்த பிறகு இன்னொரு முறை பார்க்கும், ஏனென்றால் காத்திருந்த நேரத்தில் வேறொருவர் வாசித்து முடித்திருக்கலாம். அப்போதும் இல்லையென்றால்தான் கோரிக்கையை அனுப்பி, முடியும்வரை காத்திருந்து, விடையைத் திருப்பும். முன்பு விட்டுப்போன இடத்தில் இப்போது காத்திருக்கிறது. இதை நடத்தை மாற்றம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

சந்தேகப்பிராணி:

விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஓடிய நிரல் அது. மேலே சொன்ன இடைவெளி மிகக் குறுகியது. பல நிறுவல்களில் ஒருமுறைகூட நேர்ந்திருக்காது. அதைச் சரிசெய்யப்போய், இதுவரை ஒருபோதும் காத்திருக்காத இடங்களில் காத்திருப்பைக் கொண்டுவருகிறோம். விட்டுவிட்டுப் போவது சோம்பேறித்தனமாகத் தெரியலாம். ஆனால் விட்டுவிட்டுப் போகும் நிரல் முட்டிக்கொண்டு நிற்காது. என்றாவது வரும் ஒரு பொய்யான இஐஓவைக் காட்டிலும், நிரந்தரமாகத் தொங்கிப்போகும் கணினி வாடிக்கையாளருக்குப் பெரிய தொல்லை. வட்டுச்சக்கரம் அவர்கள் இந்தத் திருத்தத்தை ஏற்பதற்கு முன், எந்த இடத்தில் எந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு அழைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

பழையபதிப்பு:

“ஆண்டுக்கணக்கில் ஓடிய நிரல்” என்பதில் சிறிய வரலாற்றுத் திருத்தம் ஒன்று தேவை. 1991 டிசம்பரில் வந்த லினக்ஸ் 0.11 மூலத்தில் இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குள் அழைக்கப்படும் ‘மேக்_ரெக்வெஸ்ட்’ செயற்கூறைப் படித்தால், பூட்டியிருக்கும் பஃபரை விட்டுவிட்டுப் போவது முன்வாசிப்புக்கும் முன்னெழுத்துக்கும் மட்டுமே என்பது தெரியும். சாதாரண வாசிப்பானால் ‘லாக்_பஃபர்’ கொண்டு காத்திருந்து, பூட்டு கிடைத்த பிறகு உள்ளடக்கம் செல்லுபடியாகிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்கும். அதாவது 2022இல் அந்தச் செயற்கூறை நீக்கியபோது மீட்டெடுக்கப்பட்ட பிரிவினை, தொடக்கத்திலேயே இருந்த ஒன்றுதான். பின்னால் 2.4 மூலத்தைத் திறந்தால், வேறுபாடு பார்க்காமல் எல்லா வகைக் கோரிக்கைக்கும் பூட்டை முயன்று பார்த்து, கிடைக்காவிட்டால் தாண்டிப் போகிறது. கோரிக்கையை ஒருவர் மட்டுமே அனுப்ப முடியும், பூட்டை வைத்திருப்பவர் அதைக் கவனித்துக்கொள்வார் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது.

எழுதும் பக்கத்தில் அந்த எண்ணம் முதலில் உடைந்தது. பஃபரை ஒருவர் வட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது அதன் உள்ளடக்கத்தை இன்னொருவர் மாற்றி, மாற்றத்தை உடனே எழுதச் சொன்னால், பூட்டு கிடைக்காமல் அவருடைய கோரிக்கை கைவிடப்படும். அவர் காத்திருப்பதோ பழைய எழுத்து முடிவதற்காக. முடிந்ததும் எழுதியாகிவிட்டது என்று நம்பிவிடுவார். இதைச் சமாளிக்க 2.6 காலத்தில் ‘எஸ்ரைட்’ என்ற தனி வகையைச் சேர்த்தார்கள். பூட்டுக்காகக் காத்திரு என்பதுதான் அதன் முழுப் பொருள். கோரிக்கையின் வகையோடு பூட்டும் முறையைக் கலந்தது அழகாக இல்லை என்று 2010இல் அதை நீக்கி, ‘ரைட்_டர்ட்டி_பஃபர்’ என்ற தனிச் செயற்கூறாக்கினார்கள். வாசிக்கும் பக்கத்துக்கு அதே நியாயம் கிடைக்க மேலும் 12 ஆண்டுகள் ஆயின.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூட்டு கிடைக்காத பஃபர்களைக் கைவிடும் என்பது அந்தச் செயற்கூறின் தலைக்குறிப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. காலாவதியானது என்ற முத்திரையும் அங்கேயே இருந்தது. ஆவணம் உண்மையைச் சொல்லியும் அழைத்தவர்கள் வேறொன்றை நம்பினார்கள் என்பதால், “குறிப்பு எழுதிவிட்டால் போதும்” என்பவர்களுக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு.

தாழ்ப்பாள்:

சந்தேகப்பிராணியின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் மறுஆய்வின் கனமான பகுதி அதுதான்.

பஃபர் பூட்டு, மியூட்டெக்ஸ் என்ற வகைப் பூட்டைப் போல எடுத்தவரே திறக்க வேண்டிய பூட்டு அல்ல. வாசிப்பு அனுப்பப்பட்ட பிறகு, அது முடிந்ததும் முடிவுக் கையாளுநர்தான் பூட்டைத் திறக்கும். அதனால், தொகுதியாக வாசிக்கும்போது முதல் பஃபரைப் பூட்டி அனுப்பிவிட்டு இரண்டாவதன் பூட்டுக்காகக் காத்திருப்பது, இரண்டு மியூட்டெக்ஸ்களை வரிசை மாற்றி எடுப்பதைப் போன்ற ஆபத்து அல்ல. முதலாவதன் பூட்டைத் திறக்க நாம் விழித்திருக்கத் தேவையில்லை. ஒரே பஃபர் வரிசையில் தவறுதலாக இரண்டு முறை இருந்தாலும், இரண்டாவது முறை நாமே அனுப்பிய வாசிப்பு முடியும்வரை காத்திருந்துவிட்டு, உள்ளடக்கம் வந்திருப்பதைக் கண்டு தாண்டிப் போவோம். கோரிக்கைகளைச் சேர்த்துவைத்து அனுப்பும் பிளக் இருந்தாலும், தூங்கப்போகும் முன் கெர்னல் அதைக் காலிசெய்துவிடும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அழைப்பவரே அந்தப் பஃபரின் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே எங்கோ இருக்கும் உதவிச் செயற்கூறு வழியாக மறுபடி வாசிக்கச் சொன்னால் என்ன ஆகும்? பழைய செயற்கூறில் ‘டிரைலாக்’ தோற்று, சத்தமில்லாமல் கடந்து போயிருக்கும். உள்ளடக்கம் ஏற்கெனவே இருந்தால் யாருக்கும் தெரியாது. ‘பிஹெச்_ரீட்’டும் உள்ளடக்கம் இருந்தால் முதல் பார்வையிலேயே திரும்பிவிடும். உள்ளடக்கம் இல்லாத அரிய தருணத்தில், தன் பூட்டுக்காகத் தானே காத்திருந்து நிரந்தரமாக நிற்கும். 120 விநாடிகள் கழிந்த பிறகு, தொங்கிப்போன பணி என்ற எச்சரிக்கை பதிவில் வரும். ஆகவே, மாற்றப்பட்ட ஒவ்வோர் இடத்திலிருந்தும் மேல்நோக்கிப் போய், யாராவது ‘லாக்_பஃபர்’ செய்துவிட்டு இங்கே வருகிறார்களா என்று தேடுங்கள். அப்படி ஒருவர் இருந்தால், பழைய நிரலிலும் அது பிழைதான். புதிய நிரல் அதை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவே. நிற்கும் கணினி தொல்லை என்று சந்தேகப்பிராணி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நிற்கும் கணினியில் எந்தப் பணி எந்த வரியில் நிற்கிறது என்ற தடம் கிடைக்கும், பொய்யான இஐஓவில் அதுவும் கிடைக்காது.

வட்டுச்சக்கரம்:

மிக்க நன்றி. மேல்நோக்கித் தேடிப் பார்த்தேன். பூட்டோடு வருபவர்கள் எங்கள் மாட்யூலில் இல்லை. ஆனால் தேடும்போது வேறொன்று கண்ணில் பட்டது. பிட்மேப் வாசிக்கும் இடத்தில் தம்பி எழுதியிருப்பதைச் சொற்களில் சொன்னால், ‘பிஹெச்_ரீட்’ சுழியம் அல்லாத எதைத் திருப்பினாலும் பிழை என்று எடுத்துக்கொண்டு, பஃபரை ‘பிரெல்ஸ்’ செய்துவிட்டு (விடுவித்துவிட்டு) இஐஓ திருப்புகிறார். கெர்னலில் பெரும்பாலான செயற்கூறுகள் அப்படித்தானே? ஆனால் அது வரையறுக்கப்பட்டுள்ள தலைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தால் 1 என்ற மதிப்பும் வரக்கூடும் என்று இருக்கிறது. இது ஏன் இப்படி?

மூலநிரல்வாசி:

இந்தத் திருத்தத்தைத் திருப்பி அனுப்ப இந்த ஒரு வரியே போதும்.

‘பிஹெச்_ரீட்’ மூன்று விதமாகத் திரும்பும். உள்ளடக்கம் ஏற்கெனவே நினைவகத்தில் செல்லுபடியாக இருந்தால் 1. இப்போதுதான் வட்டிலிருந்து வெற்றிகரமாக வாசித்திருந்தால் 0. வாசிப்பு தோற்றால் எதிர்மறையான இஐஓ. சுழியம் அல்லாதது பிழை என்று எழுதினால், முதல் வாசிப்பு வெற்றி பெறும். அதே பிட்மேப்பை அடுத்த முறை கேட்கும்போது அது நினைவகத்தில் இருப்பதாலேயே தோற்கும். நினைவக நெருக்கடியில் பக்கம் வெளியேற்றப்பட்டிருந்தால் மறுபடி வெற்றி பெறும். மவுண்ட் செய்து ஒரே ஒரு கோப்பை எழுதிப் பார்க்கும் சோதனையில் இது தப்பிவிடும். கொஞ்சம் அதிகமாக எழுதினால் வட்டு பழுதாகிவிட்டதைப் போலத் தோன்றும். பொய்யான இஐஓவை ஒழிக்க வந்த மாற்றம், அதைவிடச் சுலபமாக வரும் பொய்யான இஐஓவைக் கொண்டுவருகிறது.

முதன்மை மரத்தில் அழைத்தவர்கள் எல்லோரும் இதைச் சுழியத்துக்குக் கீழா என்றே ஒப்பிடுகிறார்கள். யுடிஎஃப் என்ற கோப்பு முறைமையில் ‘யுடிஎஃப்_பிரெட்’டைப் பாருங்கள்: சுழியமோ அதற்கு மேலோ என்றால் பஃபரைத் திருப்பு, இல்லையேல் விடுவித்துப் பிழை சொல் என்று நேர்மறையாக எழுதியிருக்கிறார்கள். படிப்பவருக்கு அது இன்னும் தெளிவு.

1 எதற்கு என்ற கேள்விக்கு விடை எக்ஸ்ட்2 கோப்பு முறைமையில் இருக்கிறது. அங்கே பிட்மேப்பை வாசிக்கும் செயற்கூறு, 1 வந்தால் பஃபரை அப்படியே திருப்பிவிடுகிறது. 0 வந்தால், இப்போதுதான் வட்டிலிருந்து வந்தது என்பதால், பிட்மேப் முறையாக இருக்கிறதா என்று சரிபார்க்கும் செயற்கூறை அழைக்கிறது. இரண்டு வெற்றிகளையும் வேறுபடுத்திக் காட்டாவிட்டால், ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டியிருக்கும், இல்லையேல் ஒருபோதும் சரிபார்க்க முடியாது. வசதிதான், ஆனால் ஒரு செயற்கூறின் வெற்றிக்கு இரண்டு மதிப்புகள் இருப்பது, கெர்னலில் ஊறியவர்களையும் சறுக்கவைக்கும் வடிவம் என்பதே என் கருத்து. உண்மை-பொய்யை ஒரு செயற்கூறும் பிழைக்குறியை இன்னொரு செயற்கூறும் சொல்லும்படி பிரித்திருக்கலாம்.

சந்தேகப்பிராணி:

வடிவத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால், நான் அந்தத் தலைப்புக் கோப்பைப் படித்தபோது எரிச்சலூட்டிய ஒன்றையும் சேர்க்கிறேன். ‘பிஹெச்_ரீட்’ காத்திருந்து விடை சொல்கிறது. அதன் உடன்பிறப்பு போலப் பெயர் கொண்ட ‘பிஹெச்_ரீட்_பேட்ச்’ அப்படியல்ல. அது ஒவ்வொரு பஃபரின் பூட்டுக்காகக் காத்திருந்து கோரிக்கைகளை அனுப்புகிறது. அவை முடிவதற்காகக் காத்திருப்பதில்லை. மதிப்பு எதையும் திருப்புவதுமில்லை. அழைப்பவர்தான் ஒவ்வொரு பஃபருக்கும் ‘வெயிட்_ஆன்_பஃபர்’ செய்து, உள்ளடக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். ஒன்றின் பழக்கத்தில் மற்றதை எழுதினால், வாசித்து முடியாத பஃபரிலிருந்து குப்பையை எடுத்துப் பயன்படுத்துவோம். தனியாக வாசிக்கும் இடங்களில் பழைய காத்திருப்பு வரி மீதமிருந்தால் அது மிகையே தவிரத் தீங்கில்லை. தொகுதியாக வாசிக்கும் இடங்களில் “மிகையாக இருக்கிறதே” என்று அதை அழித்துவிட்டால் விபரீதம். துப்புரவு என்ற பெயரில் வரும் திருத்தத்தில் இப்படிப்பட்ட அழிப்புகளைத்தான் முதலில் தேடுவேன்.

வட்டுச்சக்கரம்:

நல்ல வேளையாக எங்களிடம் தொகுதியாக வாசிப்பது அடைவுகளின் முன்வாசிப்பில் மட்டும்தான். அதற்குத்தான் தம்பி ‘பிஹெச்_ரீட்_பேட்ச்’ பயன்படுத்தியிருக்கிறார். இது சரிதானா?

தாழ்ப்பாள்:

ஓடும், ஆனால் சரியல்ல. முன்வாசிப்பு என்பது ஒரு யூகம்: விரைவில் தேவைப்படலாம், கிடைத்தால் நல்லது. அந்த இடத்தில் பூட்டியிருக்கும் பஃபரைத் தாண்டிப் போவதே முறையான நடத்தை. 0.11இல் வாசிப்புகளில் முன்வாசிப்புக்கு மட்டும் அந்தச் சலுகை இருந்ததன் காரணமும் இதுதான். அதற்கென்று ‘பிஹெச்_ரீட்அஹெட்_பேட்ச்’ தனியாக இருக்கிறது. உள்ளே இரண்டும் ஒரே செயற்கூறுக்குத்தான் போகின்றன, பூட்டுக்காகக் கட்டாயம் காத்திருக்க வேண்டுமா என்ற ஒரே ஒரு கொடியை வேறாகக் கொடுக்கின்றன. முன்வாசிப்பு என்று, வட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் அடுக்குக்கு அறிவிக்கும் கோரிக்கைக் கொடியையும் அழைப்பவர் சேர்த்துக் கொடுக்க வேண்டும்; பழைய அழைப்பில் அந்தக் கொடி இருந்ததா, மாற்றத்தில் உதிர்ந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

முதன்மை மரத்தில் யுடிஎஃப் அடைவை வாசிக்கும்போது 16 பஃபர்கள் வரை ஒரே மூச்சில் முன்வாசிப்பு செய்யும் இடம் ஒன்று உண்டு. மாற்றங்களை ஜர்னலில் பதிந்து வைத்து மீட்க உதவும் அடுக்கான ஜேபிடி2, தன் மீட்புக் கட்டத்தில் 128 கிலோபைட் வரை முன்வாசிப்பு செய்து, 8 பஃபர்களாகச் சேர்த்து அனுப்பும். இரண்டும் முன்வாசிப்பு வடிவத்துக்குத்தான் மாற்றப்பட்டன. அதே ஜேபிடி2வில் ஜர்னலின் சூப்பர்பிளாக்கை வாசிக்கும் இடமோ ‘பிஹெச்_ரீட்’டுக்குப் போனது. ஒரே பழைய பெயர், ஒரே ஜர்னல் அடுக்கு. ஆனால் மாற்றும்போது இருவேறு விதிகள். கருவியை வைத்துத் தேடி மாற்றும் வேலை அல்ல இது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஒவ்வோர் இடத்திலும், இந்த வாசிப்பு தோற்றால் அழைப்பவருக்குக் கவலையா, இல்லையா என்று கேட்டுத்தான் முடிவெடுக்க முடியும்.

பழையபதிப்பு:

எழுதும் இடத்தை எல்லோரும் மறந்துவிட்டோம். பழைய செயற்கூறின் உடலை நகலெடுத்து உள்ளே வைத்தார் என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. உண்மையில் இந்தத் திருத்தத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். வாசிப்பில் வரும் பிழை சத்தம் போடும்: இஐஓ வரும், பதிவில் வரி விழும், யாராவது கேட்பார்கள். எழுத்தில் வருவது மௌனம். பூட்டு கிடைக்காமல் கைவிடப்பட்ட பிட்மேப் நினைவகத்தில் அழுக்காகவே இருக்கும்; ஒத்திசைவு வெற்றி என்று பயனருக்குத் திரும்பிவிடும்; அடுத்த கணம் மின்சாரம் போனால், ஒதுக்கப்பட்ட பிளாக் ஒதுக்கப்படாததாக வட்டில் நிற்கும். பின்னால் அதே பிளாக் இன்னொரு கோப்புக்குக் கொடுக்கப்படும். முதன்மை மரம் எப்போதோ அடைத்த ஓட்டையை நீங்கள் 6.1இல் கையால் நட்டு வளர்க்கக் கூடாது.

அந்த இடத்தில் ஒரே பஃபர்தான், முடியும்வரை காத்திருக்கவும் வேண்டும் என்றால் ‘சிங்க்_டர்ட்டி_பஃபர்’ போதும். அது பூட்டி, எழுதி, காத்திருந்து, பிழையையும் சொல்லும். பல பிட்மேப்களை அனுப்பிவிட்டுக் கடைசியில் மொத்தமாகக் காத்திருக்க வேண்டுமென்றால், முதல் சுற்றில் ‘ரைட்_டர்ட்டி_பஃபர்’, இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து, எழுத்துப் பிழைக் கொடியைப் பார்ப்பது.

வட்டுச்சக்கரம்:

பல பிட்மேப்கள்தான், இரண்டு சுற்றாகச் செய்யச் சொல்கிறேன். அடுத்த கேள்வி திருத்தத்தின் வடிவத்தைப் பற்றியது. ஒரே திருத்தமாக இருப்பதைப் பிரிக்கச் சொன்னால், சிறிய மாட்யூலுக்கு இது மிகையான சடங்கு என்று தோன்றாதா?

மூலநிரல்வாசி:

தோன்றினாலும் பிரிக்கச் சொல்லுங்கள். முதன்மை மரத்தின் தொகுப்பு 14 திருத்தங்கள் கொண்டது. தேவையற்ற உதவிச் செயற்கூறு ஒன்றை முதலில் நீக்கிவிட்டு, புதிய வாசிப்புச் செயற்கூறுகளைச் சேர்த்து, பொதுப் பஃபர் நிரலை மாற்றி, அதன் பிறகு ஜிஎஃப்எஸ்2, ஐசோஎஃப்எஸ், ஜேபிடி2, என்டிஎஃப்எஸ்3, ஓசிஎஃப்எஸ்2, ரைசர்எஃப்எஸ், யுடிஎஃப், யுஎஃப்எஸ் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, எவரும் அழைக்காத நிலை வந்த பின்னரே பழையதை நீக்கினார்கள். எக்ஸ்ட்2வும், ‘பிஹெச்_சப்மிட்_ரீட்’ என்ற இன்னொரு பழைய வாசிப்புச் செயற்கூறின் நீக்கமும் கடைசியில் வந்தன. ஒவ்வொரு படியிலும் கெர்னல் கம்பைல் ஆகும். பின்னால் ஒரு கோப்பு முறைமையில் மட்டும் பிழை வந்தால், பைசெக்ட் செய்பவர் (பிழை எந்தத் திருத்தத்தில் நுழைந்தது என்று பாதிபாதியாகப் பிரித்துத் தேடுபவர்) அந்த ஒரு திருத்தத்தில் வந்து நிற்பார்.

அந்தத் தொகுப்பில் எனக்குக் குறையாகப் பட்டதும் ஒன்று உண்டு. கோப்பு முறைமைவாரியான திருத்தங்கள் பெரும்பாலும் ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எதில் பிழை திருத்தப்படுகிறது, எதில் முன்வாசிப்பின் பெயர் மட்டும் மாறுகிறது என்பதை நிரலைப் படித்தே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் தம்பி அதைவிட நன்றாக எழுதலாம். முன்வாசிப்பு மாற்றத்தைத் தனித் திருத்தமாக்கி, அதில் மட்டும் “செயல்பாட்டில் மாற்றம் இல்லை” என்று எழுதட்டும். அங்கே அது உண்மை. சூப்பர்பிளாக்கும் பிட்மேப்பும் இன்னொன்று. முன்பு தாண்டிப் போனது, இப்போது காத்திருக்கிறது என்று விளக்கத்தின் முதல் வரியிலேயே வரட்டும். பிட்மேப்பை எழுதும் இடம் மூன்றாவது. மாறிப் பெயர்களும் உள்தள்ளலும் கடைசியில் தனியாக. அவற்றை நடுவில் வைத்தால், நீங்கள் கண்டுபிடித்த அந்த ஒப்பீட்டு வரி உள்தள்ளல் மாற்றங்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும்.

சந்தேகப்பிராணி:

பிரிப்பதில் எனக்கும் உடன்பாடே. இப்போது சோதனை. அந்தக் குறுகிய இடைவெளியை எப்படி விரிப்பது? எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற கோப்பு முறைமைச் சோதனைத் தொகுப்பை ஓட்டினால் பொதுவான பிழைகள் பிடிபடும், இது பிடிபடாது.

தாழ்ப்பாள்:

மாட்யூலின் சோதனைப் பதிப்பில், சூப்பர்பிளாக்கின் பஃபரை ‘லாக்_பஃபர்’ செய்து, சில விநாடிகள் தூங்கி, வாசிக்காமலே திறந்துவிடும் ஒரு தனிப் பணியைச் சேர்த்துவிடுங்கள். அந்த நேரத்தில் மவுண்ட் செய்தால், பழைய நிரல் ஒவ்வொரு முறையும் இஐஓ சொல்லும். புதியது தாமதமாக வெற்றி பெறும். இடைவெளிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. எழுதும் இடத்துக்கு, வட்டுக் கோரிக்கைகளைத் தாமதப்படுத்தும் டிஎம்-டிலே கொண்டு வட்டை மெதுவாக்கி, பிட்மேப் வட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே அதை மாற்றி ஒத்திசைவு கேளுங்கள். திரும்பியதும் வட்டில் இருப்பதை நேரடி வாசிப்பில் எடுத்து ஒப்பிடுங்கள். பஃபர் வழியாக வாசித்தால் நினைவகத்தில் இருப்பதுதான் வரும். 1 என்ற மதிப்புக்கு வேறு வித்தை எதுவும் வேண்டாம், ஒரே பிட்மேப்பை அடுத்தடுத்து இருமுறை கேட்டால் போதும்.

பூட்டின்றிப் பார்க்கும் முதல் பார்வை பாதுகாப்பானதா என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். உள்ளடக்கக் கொடி உயர்ந்தது தெரிந்தும், உள்ளடக்கம் இன்னும் தெரியாத நிலை சில செயலிகளில் வரக்கூடும் என்பதால், 2022இல் அந்தக் கொடியை வைப்பதிலும் பார்ப்பதிலும் நினைவகத் தடைகளைச் சேர்த்தார்கள். 6.1இல் அவை இருக்கின்றன.

வட்டுச்சக்கரம்:

கடைசியாக ஒன்று. எக்ஸ்ட்2 போலவே நாங்களும் 0 வந்தால் மட்டும் பிட்மேப்பைச் சரிபார்க்கலாம் என்று நினைத்தோம். ஆனால் முதலாமவர் வாசித்து முடித்து, சரிபார்க்கத் தொடங்கும் முன்பே பூட்டு திறந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் வரும் இரண்டாமவருக்கு 1 கிடைக்கும். சரிபார்க்காத பிட்மேப்பிலிருந்து அவர் ஒதுக்கீடு செய்துவிட மாட்டாரா?

மூலநிரல்வாசி:

செய்துவிடுவார். எக்ஸ்ட்2இல் அந்தச் சரிபார்ப்பு தோற்றாலும், பிழையைப் பதிவுசெய்துவிட்டுக் கெட்ட பிட்மேப்போடு தொடர்வதற்கு இடம் உண்டு என்பதால், அங்கே அது பெரிய விஷயமாகக் கருதப்படவில்லை. உங்கள் கோப்பு முறைமை சரிபார்ப்புத் தோற்றால் ஒதுக்கீட்டை மறுப்பதாக இருந்தால், 1ஐ நம்பாதீர்கள். எக்ஸ்ட்4 செய்வதைப் போல, சரிபார்த்தாயிற்று என்பதற்குப் பஃபரின் நிலையில் தனியாக ஒரு பிட் வைத்து, 1 வந்தாலும் 0 வந்தாலும் அந்த பிட்டைப் பார்த்தே முடிவெடுங்கள். மாட்யூல் ஜேபிடி2வைப் பயன்படுத்தினால் ‘பிஹெச்_வெரிஃபைட்’ என்ற அந்த பிட் ஏற்கெனவே அதன் பட்டியலில் இருக்கிறது. இல்லையென்றால், கோப்பு முறைமைகளின் சொந்த பிட்கள் தொடங்கும் ‘பிஹெச்_பிரைவேட்ஸ்டார்ட்’டிலிருந்து உங்களுடையதை வைத்துக்கொள்ளலாம். பிழை வந்த பஃபரை வட்டிலிருந்து மறுபடி வாசிக்கும் இடத்தில், கோரிக்கை அனுப்பும் முன் அந்த பிட்டை இறக்கிவிட வேண்டும். எக்ஸ்ட்4இல் வாசிக்கும் இடங்கள் பலவாகச் சிதறிக் கிடந்தபோது, அந்த இறக்கத்தை விட்டுவிடுவது சுலபமாக இருந்தது. 2020இல் அவர்கள் தங்களுக்கென்று வாசிப்புச் செயற்கூறுகளை எழுதிக்கொண்டதற்கு அது ஒரு காரணம். உங்களிடமும் பிட்மேப் வாசிப்பு ஒரே செயற்கூறுக்குள் இருக்கட்டும்.